முதலில் தரையைப் படியுங்கள்
டென்னிஸ் மைதானம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டென்னிஸ் கற்க வருபவர்கள் முதலில் கேட்பது, எந்த ராக்கெட் வாங்கலாம் என்பதுதான். எந்தத் தரையில் ஆடப்போகிறோம், அதில் போட்டிருக்கும் கோடுகளுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் அபூர்வம். பந்து எவ்வளவு எழும், எவ்வளவு விரைந்து வரும், எங்கே அடித்தால் ஆபத்துக் குறைவு என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் ராக்கெட்டைவிடத் தரைக்குப் பங்கு அதிகம். அந்தத் தரையைப் பற்றி மைதானங்களில் உலவும் சில நம்பிக்கைகளை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை: இரட்டையர் ஆட்டத்தில் கோர்ட் அகலமாவதால் சர்வீஸ் கட்டமும் அகலமாகும்.

உண்மை: ஆகாது. கோர்ட்டின் நீளம் எப்போதும் 78 அடி. ஒற்றையருக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. இருபுறமும் கூடுதலாகக் கிடைக்கும் நாலரை அடிப் பட்டைகள், சர்வீஸ் முடிந்து பந்து ஆட்டத்துக்குள் வந்தபிறகுதான் உயிர்பெறும். சர்வீஸ் விழவேண்டிய கட்டம் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றே: வலையிலிருந்து 21 அடி நீளம், பதின்மூன்றரை அடி அகலம். மாறுவது சர்வீஸ் போடுபவர் நிற்கும் இடம் மட்டும். இரட்டையரில் அவர் வெளிக்கோடுவரை தள்ளி நின்று போடலாம்.

நம்பிக்கை: பந்து கோட்டில் பட்டால் அவுட்.

உண்மை: கோட்டின் விளிம்பை உரசினாலும் பந்து உள்ளேதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. அங்கே ரன் அவுட்டில் மட்டை கிரீஸ் கோட்டின் மேல் மட்டும் இருந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதுதான். டென்னிஸில் கோர்ட்டின் நீள அகலங்களைக் கோடுகளின் வெளி விளிம்புவரை அளக்கிறார்கள். ஆகவே கோடும் கோர்ட்டின் பகுதிதான்.

காலுக்கு மட்டும் விதி வேறு. சர்வீஸ் போடும்போது ராக்கெட் பந்தைத் தொடும் முன்பே கால் பேஸ்லைனை, அதாவது கோர்ட்டின் பின்கோட்டை, மிதித்தால் அது ஃபுட் ஃபால்ட்.

நம்பிக்கை: வலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே உயரம்.

உண்மை: கம்பங்களில் மூன்றரை அடி, நடுவில் மூன்று அடி. நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை வலையைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆட்டத்தின் அடிப்படை உத்தி ஒன்று இந்த ஆறு அங்குல வித்தியாசத்தில் இருக்கிறது. மூலைவிட்டமாக அடிக்கும் பந்து பெரும்பாலும் வலையின் தாழ்ந்த பகுதியைக் கடக்கும். அதோடு, ஒற்றையர் கோர்ட்டின் மூலைக்கு மூலை தூரம் ஏறத்தாழ 82.5 அடி, நேர்க்கோட்டில் அடித்தால் கிடைப்பதைவிட நாலரை அடி அதிகம். வலையும் தாழ்வு, விழ இடமும் அதிகம். கற்றுக்கொள்பவர்களைப் பயிற்சியாளர்கள் ‘கிராஸ் கோர்ட் அடி’ என்று விடாமல் சொல்வது இதனால்தான்.

பொது மைதானங்களில் வலை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க அளவுநாடா தேவையில்லை. வழக்கமான ராக்கெட்டின் நீளம் 27 அங்குலம். வலையின் நடுவில் ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலைமேல் இன்னொரு ராக்கெட்டின் தலைப்பகுதியைக் குறுக்குவாட்டில், பக்கவிளிம்பு கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டும் சேர்ந்து 36 அங்குலத்தை ஒட்டி வரும். வலையின் மேல்விளிம்பு அதற்கு நேராக நின்றால் சரி. தளர்ந்து தொங்கினால் வலைக்கம்பத்தின் கைப்பிடியைச் சுற்றி இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் வலையில் பழகியவரின் பந்து, சரியான வலையைப் பார்த்ததும் அதிலேயே போய் முட்டும்.

நம்பிக்கை: 78 அடிக்கு 36 அடி இடமிருந்தால் டென்னிஸ் கோர்ட் போட்டுவிடலாம்.

உண்மை: கோடுகளை வரையலாம், ஆட முடியாது. சர்வதேசப் போட்டிகளுக்குப் பேஸ்லைனுக்குப் பின்னால் 21 அடியும் பக்கங்களில் 12 அடியும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச டென்னிஸ் சம்மேளனம். அதாவது மொத்தம் 120 அடிக்கு 60 அடி. கிளப் அளவிலான ஆட்டத்துக்கும் பின்னால் 18, பக்கத்தில் 10 அடி வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பள்ளியிலோ கோர்ட் அமைக்க நினைப்பவர்கள் இந்த அளவைக் குறைக்கவே கூடாது. உயரமாக எழும் பந்துக்குப் பின்வாங்கும் ஆட்டக்காரரின் கண் பந்தின் மேல் இருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர் நெருங்குவது அவருக்குத் தெரியாது. கோர்ட்டின் நீளம் வடக்கு தெற்காக அமைவதும் முக்கியம். இல்லாவிட்டால் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கத்தவர் சூரியனைப் பார்த்தே ஆட நேரும்.

நம்பிக்கை: பிரெஞ்சு ஓப்பனின் ‘களிமண் தரை’ முழுக்க மண்ணால் ஆனது.

உண்மை: அந்தப் போட்டி நடக்கும் ரோலாண்ட் காரோஸில் கண்ணுக்குத் தெரியும் செந்நிறம் செங்கல் தூள். அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். அதன் கீழே இறுகிய சுண்ணாம்புக்கல் தூள், அதற்கும் கீழே நிலக்கரிச் சாம்பற்கட்டி, சரளை என அடுக்கடுக்காக இருக்கும். அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் பச்சைக் ‘கிளே’ நொறுக்கிய எரிமலைப் பாறை.

இந்தத் தூள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பந்து தரையில் படும்போது உராய்வு அதன் முன்னோக்கிய வேகத்தைக் குறைக்கிறது. பந்தும் உயரமாக எழுகிறது. அதே தூளின் மேல் ஆட்டக்காரரின் கால் வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எட்டுகிறது. அதனால்தான் அங்கே ஒரு புள்ளிக்கான ஆட்டம் நீள்கிறது. மேல்சுழற்சியோடு அடிப்பவர்களுக்கு இது சொந்த வீடு. ரஃபேல் நடால் அங்கே 14 முறை வென்றார். தூளின் தன்மை மாறினால் ஆட்டமும் மாறும். 2012இல் மாட்ரிட் போட்டியில் நீலக் களிமண் போட்டார்கள். வழுக்குகிறது என்று நடாலும் ஜோகோவிச்சும் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே சிவப்பு திரும்பிவிட்டது.

நம்பிக்கை: புல்தரையில் பந்து எழவே எழாது.

உண்மை: புல் வழுக்கும், பந்து தாழ்வாகச் சறுக்கி வரும் என்பது பொதுவாகச் சரியே. ஆனால் புல்லிலும் வகை உண்டு. விம்பிள்டனில் 2001 முதல் முழுக்க ரை புல் வகை மட்டும். அதற்குமுன் ஃபெஸ்க்யூ என்ற வகையும் கலந்திருந்தது. போட்டியின்போது புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். தரை கெட்டிப்பட்டதால் பந்து முன்பைவிட நன்றாக எழுகிறது, பேஸ்லைனிலிருந்தே ஆட முடிகிறது. இரண்டாவது வாரத்தில் விம்பிள்டன் தரையைப் பாருங்கள். வலைப்பக்கம் பச்சையாக இருக்கும். பேஸ்லைன் அருகே புல் தேய்ந்து வெறும் மண் தெரியும்.

நம்பிக்கை: ஹார்ட் கோர்ட் என்றால் சிமென்ட் தரை, எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: கான்கிரீட்டோ தாரோ அடித்தளம் மட்டுமே. அதன்மேல் பல பூச்சுகளாக அக்ரிலிக் வண்ணம் ஏறுகிறது. அந்த வண்ணத்தில் கலக்கும் மணல்தான் வேகத்தை முடிவுசெய்கிறது. மணல் அதிகமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் பந்து நிதானமாகும்; நாளாக ஆகத் தேய்ந்து வழவழப்பானால் வேகம் கூடும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் தரைகளை மெது முதல் வேகம்வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. ஹார்ட் கோர்ட்டுகள் அந்த ஐந்தில் எதிலும் வரலாம். ஆஸ்திரேலிய ஓப்பன் 1988இல் புல்லை விட்டு ஹார்ட் கோர்ட்டுக்கு வந்தது. அதன்பிறகும் மேற்பூச்சை இரண்டு முறை மாற்றியிருக்கிறது.

சென்னை நுங்கம்பாக்கம் அரங்கம் உட்பட நம் ஊர்களில் ஆடக் கிடைப்பது பெரும்பாலும் ஹார்ட் கோர்ட்தான். கால் வழுக்காமல் சட்டென்று நிற்கும் தரை இது; அந்த அதிர்ச்சியை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் ஷூவும் முக்கியம். ஓட்டப்பயிற்சி ஷூ முன்னோக்கி ஓடுவதற்கானது. பக்கவாட்டில் திரும்பும்போது காலைத் தாங்காது. செலவழிக்கக் கையில் பணம் குறைவென்றால், ராக்கெட்டில் மிச்சம் பிடித்து டென்னிஸ் ஷூ வாங்குங்கள்.

நம்பிக்கை: நன்றாக ஆடுபவருக்கு எல்லாத் தரையும் ஒன்றுதான். தரையைக் குறை சொல்வது சாக்கு.

உண்மை: நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையின் 1987 போட்டியைப் பாருங்கள். அரையிறுதியில் சிட்னியின் புல்தரையில் இந்தியா, ஆஸ்திரேலியாவை 3–2 என்று வென்றது. தீர்மானமான ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூரைச் சாய்த்தவர் நம் ரமேஷ் கிருஷ்ணன். மென்மையான கையும் துல்லியமும் கொண்ட அவருடைய ஆட்டத்துக்குப் புல் வாகாக இருந்தது. அடுத்து, கோத்தன்பர்க்கில் இறுதிப்போட்டி. போட்டியை நடத்தும் நாடு தரையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. ஸ்வீடன் உள்ளரங்கில் களிமண் தரையைப் போட்டது. அந்த அணியின் மாட்ஸ் விலாண்டர் களிமண் தரையில் பிரெஞ்சு ஓப்பன் வென்றவர். இந்தியா 0–5 என்று தோற்றது. ஸ்வீடன் அப்போது எந்தத் தரையிலும் வலிமையான அணிதான். ஆனால் இரண்டரை மாதத்துக்குள் ரமேஷின் திறமை எங்கும் போய்விடவில்லை. பந்து எழும் விதம் மாறியிருந்தது.

நம்பிக்கை: குழந்தைகள் முதல் நாளே முழுக் கோர்ட்டில் ஆடினால்தான் சீக்கிரம் தேறுவார்கள்.

உண்மை: எட்டு வயதுப் பிள்ளைக்கு வழக்கமான மஞ்சள் பந்து தலைக்கு மேல் எழும். அதை எட்டப் பிள்ளை ராக்கெட்டைப் பிடிக்கும் முறையையே கோணலாக்கிக்கொள்ளும்; பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று 2012 முதல் சர்வதேச விதியே இருக்கிறது. அவர்களுக்குத் தாழ்வாக எழும் வேறு நிறப் பந்துகள் உண்டு: சிவப்புப் பந்துக்கு 36 அடி அளவிலான சின்னக் கோர்ட், ஆரஞ்சுக்கு 60 அடி அளவிலானது, பச்சைப் பந்து வரும்போது முழுக் கோர்ட். தம் உயரத்துக்கு ஏற்ற கோர்ட்டில் ஆடும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பி மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சி கிடைத்தால்தான் அடுத்த வாரமும் வருவார்கள். உங்கள் பிள்ளையைச் சேர்க்கும் இடத்தில் சிவப்புப் பந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.