காளைக் கன்றுக்குத் தவிடு மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, சிலிம் ரிவரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஆறு காளைக் கன்றுகள் வளர்க்கிறேன். வயது மூன்று மாதம். ஹாஜிப் பெருநாள் சந்தைக்கு விற்கும் எண்ணம். தீவன மூட்டை விலை கட்டுப்படியாகவில்லை. அரிசி ஆலைத் தவிடு மலிவாகக் கிடைக்கிறது. அதை மட்டுமே போட்டு வளர்க்கலாமா? லயத்தில் இருந்தபோது என் அம்மா கழனித்தண்ணியில் தவிடு கலந்துதான் மாடு வளர்த்தார்.
— ஒரு வாசகர், சிலிம் ரிவர்

பதில்: அம்மா வளர்த்தது பசு. பகலெல்லாம் மேய்ந்து வந்த மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் ஒரு கொசுறு. உங்களிடம் இருப்பவை வளரும் காளைகள். இவற்றுக்குத் தவிடு மட்டும் ஆகாது.

அரிசித் தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம். இந்த வயதுக்கு 18 வேண்டும். அதைவிடப் பெரிய வில்லங்கம், தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மிஞ்சும் பாஸ்பரஸ் மூத்திரத்தில் கல்லாகப் படியும். பசுவுக்கு மூத்திரக்குழாய் குட்டை, அகலம்; கல் வெளியே போய்விடும். காளைக்கோ அது நீளம், குறுகல், நடுவில் வளைவு வேறு. அங்கேதான் அடைக்கும்.

நூறு கிலோவுக்கு இப்படிக் கலந்து பாருங்கள்: உடைத்த மக்காச்சோளம் 40, சோயாப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 16, அரிசித் தவிடு 15, சுண்ணாம்புக்கல் தூள் 3, உப்பு 1. தீவனக் கடையில் விற்கும் தூளைத்தான் சொல்கிறேன், வெற்றிலைச் சுண்ணாம்பை அல்ல! கன்றுக்கு நாளுக்கு அரைக் கிலோவில் தொடங்கி மெல்ல ஒரு கிலோவுக்கு ஏற்றுங்கள். நல்ல புல்லும், எந்நேரமும் குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் கல் கூடும்.

மலிவுத் தவிட்டில் உமி கலந்திருக்கும். ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்கள், உமி மிதக்கும். நெல் அரைத்த உடனேயே தவிட்டு எண்ணெய் கெடத் தொடங்கும்; நம் வெக்கைக்கு ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சிக்கு வாடையோ பூஞ்சையோ தெரிந்தால், காசு போனாலும் கொட்டிவிடுங்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் நம் பக்கம் மலிவுதான். ஆனால் ஓட்டுத்துகள் கலந்து நறநறக்கும். கன்று ஆறு மாதம் தாண்டட்டும்.

கன்று முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, வயிற்றை உதைத்துக்கொண்டாலோ, குறி மயிரில் மணல்போல் ஒட்டியிருந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். முழுதாக அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் மூத்திரப்பை வெடித்துவிடும்.