மிதிவண்டிக்கு இரு சிறு விளக்குகள்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கீரனூரில் மாலை ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். மழைமேகம் சூழ்ந்த நாட்களில் இருள் இன்னும் முந்திக்கொள்கிறது. சிறப்பு வகுப்பு முடிந்து நாம் சைக்கிளை எடுக்கும் நேரமும் அதுவே.

சென்ற ஆண்டு அப்படியொரு மாலையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தந்தையின் பழைய சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். அதில் டைனமோ விளக்கு இருந்தது. ஓடும்போது நன்றாகவே எரிந்தது. ஊர்ப் பாதைக்குத் திரும்புவதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றாள். சக்கரம் நின்றது, விளக்கும் அணைந்தது. பின்னால் வந்த வேன் ஒன்று கடைசி நொடியில் கிறீச்சிட்டு நின்றது. அவளுக்குக் காயமில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் நாங்கள் வேறெதையும் பேசவில்லை. அன்று எழுந்த கேள்விகளுக்கு நாங்கள் தேடிக்கொண்ட விடைகளே இக்கட்டுரை.

சைக்கிளும் நம் மாவட்டமும்

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தை நம் பாட்டியரும் அன்னையரும் நன்கறிவர். ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்த அக்காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் பெண்களிடம் சேர்ந்தது. விவசாயக் கூலிப் பெண்கள், கல் உடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பேருந்துக்கும் துணைக்கும் காத்திராமல் வெளியே சென்றுவர அது வழி செய்தது. பின்னர் அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டமும் வந்தது.

இருட்டிவிடும் என்ற அச்சத்தால் அந்தச் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டால், பெற்ற உரிமையில் பாதியை இழந்தவராவோம். ஆகவே விளக்கைப் பற்றி அறிவது நமக்கு அவசியம்.

யார் காண விளக்கு?

விளக்கு நாம் பாதையைக் காண்பதற்கு என்றே பலரும் எண்ணுகிறோம். அதைவிட முக்கியம், பிறர் நம்மைக் காண்பது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். பிறகு வண்டி நிற்க மேலும் 20 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஈரச் சாலையில் இன்னும் அதிகம். ஆக, 45 மீட்டருக்கு முன்பே நாம் கண்ணில் பட்டாக வேண்டும். தாழ்த்திய முகவிளக்கில் கருநிற உடை அவ்வளவு தொலைவில் தெரியும் என்று நம்ப முடியாது.

இதை ஒரு மாலை, சகோதரியின் அனுமதியுடன் பள்ளி மைதானத்தில் சோதித்தோம். சைக்கிளுடன் ஒருத்தி மறுகோடியில் நின்றாள். இருளில் அவள் தெரியவில்லை. டார்ச் அடித்ததும் மட்கார்டில் இருந்த சிவப்புப் பிரதிபலிப்பான் பளிச்சிட்டது. டார்ச்சை விலக்கியதும் மறைந்தது. தன்மேல் ஒளி விழுந்தால் மட்டுமே அது திருப்பித் தரும். அடுத்து, சிறு சிவப்பு விளக்கை ஏற்றினாள். டார்ச் இல்லாமலே தெரிந்தது. பிறகு புத்தகப் பையைக் கேரியரில் வைத்தாள். விளக்கு காணாமற் போயிற்று! பையின் வார் அதன்மேல் தொங்கியிருந்தது. நல்ல விளக்கானாலும் தவறான இடத்தில் இருந்தால் பயனில்லை என்று அன்று கற்றோம்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

டைனமோ, டயரில் உரசிச் சுழன்று மின்சாரம் தருவது. செல் வாங்கும் செலவில்லை. ஆனால் நின்றால் ஒளியில்லை. இக்காலத்துச் சிறு விளக்குகள் எல்.இ.டி. வகையைச் சேர்ந்தவை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சினால்தான் வெண்மை கிடைக்கிறது. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தருவதால், தீப்பெட்டி அளவு விளக்கே நமக்குப் போதுமானதாகிறது.

கடையில் இவற்றைப் பாருங்கள்:

1. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இவை மாறினால், நாம் வருகிறோமா போகிறோமா என்று பிறர் குழம்புவர்.

2. பக்கவாட்டிலும் ஒளி கசிய வேண்டும். குறுக்குச் சாலையில் வருபவருக்கும் நாம் தெரிய வேண்டுமல்லவா?

3. மழைச் சாரலைத் தாங்க வேண்டும். அட்டையில் ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால், எப்பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்று பொருள்.

4. விட்டுவிட்டு மின்னும் ஒளி கண்ணைச் சட்டென ஈர்க்கும். ஆனால் தொலைவைக் கணிக்க, நிலையாக எரியும் ஒளியே உதவும். இரண்டு வசதியும் இருப்பது நல்லது.

5. பிடிப்பு உறுதியாக இருக்க வேண்டும். மேடுபள்ளத்தில் ஆடி, தலை கவிழும் விளக்கு வேண்டாம்.

முன்விளக்கைச் சற்றே தாழ்த்திப் பொருத்துங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதும் ஆபத்தே.

இரண்டாவது விளக்கு ஏன்?

"ஒன்று வாங்கவே காசில்லை, இரண்டு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலை நினைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. சார்ஜ் செய்யும் விளக்கு மட்டும் வைத்திருந்தால், அந்நாட்களில் அது வெறும் பொம்மை. எனவே முதல் விளக்கு சார்ஜ் செய்வதாயின், இரண்டாவது செல் போடுவதாக இருக்கட்டும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ரப்பர் வாரால் கட்டும் சிறு விளக்கே போதும். முதல் விளக்கு வழியில் அணைந்தால் வீடு சேர்க்கும். ஜாமெட்ரி பாக்ஸில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு ஒன்று. இச்சிறு விளக்குகள் சிலவற்றில் பொத்தான் வடிவ செல் இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் பூட்டப்பட்ட விளக்கையே வாங்குங்கள். மாற்றிய பழைய செல்லையும் தம்பி தங்கையர் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும், வலி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வழக்கமாக்குவோம்

ஞாயிறு மாலை சார்ஜ் செய்வோம். மாதத்தின் முதல் நாளில் இரண்டாவது விளக்கை எரித்துப் பார்ப்போம். விடுமுறையில் செல்லைக் கழற்றி வைப்போம். இல்லாவிடில் கசிந்து விளக்கையே கெடுத்துவிடும். பிரதிபலிப்பானில் படிந்த சேற்றைத் துடைப்போம். விளக்கு வந்ததென்று அதைக் கழற்ற வேண்டாம்.

அன்று வேனுக்கு முன்னால் நின்ற எங்கள் தோழி, இப்பொழுது டைனமோவோடு, கேரியரின் அடியில், பை மறைக்காத இடத்தில் ஒரு சிவப்பு விளக்கும் பொருத்தியிருக்கிறாள். மாலையில் அவள் சாலையோரம் நிற்கும்போது சக்கரம் நிற்கிறது, விளக்கு நிற்பதில்லை. தோழியரே, இன்று மாலை வீட்டுக்குப் புறப்படும் முன், உங்கள் சைக்கிளின் பின்னால் சென்று ஒருமுறை பாருங்கள். ஓட்டுநரின் கண்ணுக்கு அங்கே என்ன தெரிகிறது?