பந்து கையில் இல்லாத நேரம்

கண்ணா,

பெரிய அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அன்று இரவு தொலைக்காட்சியில் உன் பெயரை வாசித்தபோது உன் பாட்டி அழுதாள். நான் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஆம்பிளை அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை என்னுடையது. என் தப்புகளின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்.

கிப்ஸ்லாந்தின் இந்தப் பால்பண்ணை ஊரின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணிக்கு நான் ஆறு வருஷம் கேப்டன். பெரிய அணி எதுவும் என்னைத் தேடி வரவில்லை. முழங்கால் போன பிறகு முப்பது வருஷம் பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றினேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவன் மனதில் இருப்பதெல்லாம் கேட்கலாம். அப்படிக் கேட்டதும், நானே கெடுத்துக்கொண்டதும் சேர்ந்துதான் கீழே உள்ளவை. நீ நாளைக்கு மெல்போர்ன் ரயில் ஏறுகிறாய். வழியில் படி.

1. முதலில் ஒரு கணக்குப் போடு. ஆட்டம் நான்கு கால் பகுதி. ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் என்று பேர். பந்து நின்ற நேரத்தையும் சேர்த்தால் முப்பதை எட்டும். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். நடுக்களத்து ஆட்டக்காரன் ஒருவன் 30 தடவை பந்தை வாங்கிக் கொடுத்தால் மறுநாள் பேப்பரில் அவன் படம் வரும். ஒரு தடவைக்குப் பந்து அவன் கையில் இருப்பது மூன்று நாலு விநாடி. பெருக்கிப் பார், இரண்டு நிமிஷம் தேறும். மீதி நேரமெல்லாம் பந்து வேறு யாரிடமோ இருக்கிறது. அந்த நேரத்தில் நீ யார் என்பதுதான் உன் ஆட்டம். இரண்டு நிமிஷத்துக்குக் கைதட்ட ஆயிரம் பேர் வருவார்கள். மீதியைக் கூட ஆடுகிறவன் மட்டும்தான் பார்ப்பான். கேப்டனை அவன் கண் தேர்ந்தெடுக்கிறது.

2. டிராஃப்ட் எண்ணை மூட்டையில் கட்டி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. பருவத்தில் கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு என்பது 1986-இல் தொடங்கிய ஏற்பாடு. அது அணிகளைச் சமன் செய்ய வந்த தராசு. உன்னை எடை போட வந்ததல்ல. 1997-இல் 43-ஆவது பெயராக வாசிக்கப்பட்டவர் ஆடம் கூட்ஸ். சிட்னி ஸ்வான்ஸ் அணிக்கு 372 ஆட்டம் ஆடினார், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கினார், கேப்டனாகவும் இருந்தார். முதல் பத்துக்குள் வந்து, பெயர் தெரியாமல் வீடு திரும்பிய பையன்களும் உண்டு. வாசலில் எந்த வரிசையில் நுழைந்தாய் என்பது முதல் பயிற்சி நாளோடு முடிந்துபோகிற கதை.

3. உன் பூட்ஸை நீயே கழுவு. தண்ணீர் கொண்டுவருபவர், துணி துவைப்பவர், கேட்டைத் திறந்துவிடுபவர் ஆகியோரின் பெயரை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள். எங்கள் அணிக்குப் பதினோரு வருஷம் தண்ணீர் தூக்கிய ஒரு பெரியவரை நான் "ஐயா" என்றே கூப்பிட்டு வந்தேன். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரை அவருடைய சவ அடக்கத்தன்றுதான் படித்தேன், பெட்டியின் மேல்.

4. தப்பு செய்வாய். எல்லாரும் பார்க்கச் செய்வாய். ஜிம் ஸ்டைன்ஸ் டப்ளினிலிருந்து வந்த பையன். கேலிக் கால்பந்தின் உருண்டைப் பந்தில் வளர்ந்துவிட்டு இங்கே வந்து முட்டைப் பந்தைப் பழகியவர். 1987-இல், இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம். அவருடைய மெல்போர்ன் அணி நான்கு புள்ளி முன்னே. அதில் ஜெயித்தால் 1964-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் இறுதிப் போட்டி. கடைசி நொடிகளில் ஹாதார்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக். தூரம் அதிகம். ஸ்டைன்ஸ் தெரியாத்தனமாக அவருக்குக் குறுக்கே ஓடினார். நடுவர் 15 மீட்டர் முன்னே வரச் சொன்னார். சைரனும் அடித்துவிட்டது. பந்து நடுக் கம்பங்களுக்கு இடையே போனது; ஆறு புள்ளி. இரண்டு புள்ளியில் தோல்வி. அப்போது அவருக்கு வயது 21. இன்னொருவனாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். அவர் 1991-இல் பிரவுன்லோ வாங்கினார். தொடர்ந்து 244 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் இறங்கினார்; பல வருஷம் அதுவே சாதனையாக இருந்தது. பிறகு அதே அணிக்குத் தலைவரானார். 2012-இல் புற்றுநோயில் இறந்தபோது மெல்போர்ன் அரசு மரியாதையோடு அவரை வழியனுப்பியது. தப்புக்கு மறுநாள் என்ன செய்தாய் என்பதையும் சேர்த்துத்தான் ஊர் கணக்கு எழுதும். ஆனால் அந்த மறுநாளை நீதான் எழுந்து தொடங்க வேண்டும்.

5. சிந்திய பாலைக் கழுவிவிடலாம், சிந்திய சொல்லைக் கழுவ முடியாது. ஒரு அரையிறுதியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன், நெஞ்சுக்கு நேரே வந்த பந்தைப் பிடிக்காமல் விட்டான். கையில் ஒட்டியிருக்க வேண்டிய பிடி. நான் கேப்டன். ஓடிப் போய் அவன் முகத்துக்கு முன்னால் நின்று, மைதானம் கேட்கக் கத்தினேன். அடுத்த வருஷம் அவன் ஆட வரவில்லை. இருபது வருஷம் கழித்துப் பால் ஏற்ற வந்த லாரியிலிருந்து இறங்கினான். சிரித்துத்தான் பேசினான். அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று அவனுக்கு நினைவில்லை. நான் சொன்ன வார்த்தை மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. கூட ஆடுகிறவன் பந்தைத் தவறவிட்டால் முதலில் அவன் பக்கத்தில் போய் நில். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் தோளைத் தொடு. திருத்தம் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குக் காத்திருக்கும்.

6. நேர்மையை முன்னால் வை. பிரவுன்லோ பதக்கம் 1924 முதல் இருக்கிறது. நடுவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அதன் இலக்கணமே "மிக நேர்மையான, மிகச் சிறந்த" ஆட்டக்காரர் என்பது. நேர்மைதான் முதலில் நிற்கிறது, கவனித்தாயா? அந்த வருஷம் தடை வாங்கியவனுக்குப் பதக்கம் கிடையாது. 1997-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் கிறிஸ் கிராண்ட்டுக்குத்தான் அதிக ஓட்டு. ஆனால் ஒரே ஒரு ஆட்டத் தடை இருந்ததால் பதக்கம் ராபர்ட் ஹார்விக்குப் போனது. கிராண்ட் முரடர் அல்ல, நல்ல மனிதர் என்று எதிரணியினரே சொல்வார்கள். அவருக்கே அப்படி என்றால், கோபத்தில் முழங்கையை வீசுகிற பழக்கம் உனக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று யோசி.

7. தெரியாததைக் கேள். எசெண்டன் அணியில் 2012-இல் நடந்த ஊசி மருந்து விவகாரத்தை நீ படித்திருப்பாய். 2016 ஜனவரியில் விளையாட்டுத் தீர்ப்பாயம் 34 ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது. கேப்டன் ஜோப் வாட்சன் 2012-இல் வாங்கிய பிரவுன்லோவைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர்கள் சரியென்று சொன்னதை நம்பித்தான் அந்தப் பையன்கள் கையை நீட்டினார்கள். தண்டனை கையை நீட்டியவர்களுக்கும் வந்தது. உன் உடம்புக்குள் போகிற ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள். கேள்வி கேட்பவனை அவமரியாதைக்காரன் என்று சொல்கிற இடத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேள்.

8. தலை ஒன்றுதான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை எதிராளியின் முழங்கால் என் நெற்றிப்பொட்டில் மோதியது. எழுந்து ஆடி முடித்தேன், இரண்டு கோல் போட்டதாகச் சொன்னார்கள். அன்று மாலை பால் கறக்கும் நேரத்தில் மெஷின் சுவிட்சுக்கு எதிரே நின்றேன். எதற்காக அங்கே வந்தேன் என்று தெரியவில்லை. மாடுகள் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் அதை வீரம் என்றோம். செயின்ட் கில்டா அணிக்கு ஒன்பது வருஷம் கேப்டனாக இருந்த டேனி ஃபிராலி 2019-இல் இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது பிறகு தெரியவந்தது. இப்போது தலையடியில் மூளை அதிர்ந்தவனைக் குறைந்தது 12 நாள் ஆடவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. நீ கேப்டனாகும் நாளில், தள்ளாடுகிற பையனை "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவனே சொன்னாலும் வெளியே அனுப்பு. அதற்கு முன், உன்னை அனுப்பினால் முகத்தைச் சுளிக்காமல் போ.

9. இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. எங்கள் அணியில் ஒரு பூர்வகுடிப் பையன் ஆடினான். எங்களில் அவனைப் போல ஓடியவன் யாருமில்லை. உடை மாற்றும் அறையில் ஒருவன் அவன் நிறத்தைச் சொல்லி ஒரு ஜோக் அடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. சில வருஷம் கழித்து, 1993 ஏப்ரல் 17 அன்று, விக்டோரியா பார்க்கில் பூர்வகுடி ஆட்டக்காரர் நிக்கி வின்மார் தன்னை ஏசிய கூட்டத்தைப் பார்த்து ஜெர்சியைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக் காட்டினார். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்த காலையில் எனக்குத் தெரிந்தது அந்தக் குனிந்த தலைதான். இன வசைக்கு எதிரான விதி 1995-இல் வந்தது. விதி வந்தும் 2015-இல் பூர்வகுடியான ஆடம் கூட்ஸை மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு விரட்டினார்கள். அந்த வருஷத்தோடு அவர் ஆட்டத்தை விட்டார். ஆட்டத்தை நடத்தும் அமைப்பும் 18 அணிகளும் மன்னிப்புக் கேட்டது 2019-இல். தாமதமாக வரும் மன்னிப்பு நல்லதுதான். ஆனால் அது காலி மைதானத்துக்கு வருகிறது. ஜோக் முடிந்த அந்த ஒரு விநாடியில் "போதும்" என்று சொல்ல ஒருவன் வேண்டும். அது நீயாக இரு. கேப்டன் பட்டம் வரும்வரை காத்திருக்காதே.

10. நாணயம் சுண்டும் வேலை உனக்கு வந்தால், விளைவும் உன்னுடையது. 2014-இல் அடிலெய்டில் நாக்அவுட் ஆட்டம். ரிச்மண்ட் கேப்டன் டிரெண்ட் காட்சின் டாஸில் ஜெயித்துக் காற்றுக்கு எதிராக ஆடத் தீர்மானித்தார். முதல் கால் பகுதியிலேயே ஆட்டம் கைவிட்டுப் போனது. 57 புள்ளியில் தோல்வி. எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்! அதே காட்சின் 2017-இல் கோப்பையைத் தூக்கினார். ரிச்மண்டுக்கு அது 37 வருஷக் காத்திருப்பு. 2019, 2020 இரண்டிலும் மறுபடி தூக்கினார். தான் எதற்கெல்லாம் பயப்படுகிறார் என்பதைக் கூட ஆடுகிறவர்களிடம் சொல்லக் கற்றுக்கொண்ட பிறகு வந்த வெற்றிகள் அவை. பயத்தைச் சொன்ன கேப்டனிடம்தான் பையன்கள் தங்கள் பயத்தைச் சொல்வார்கள். மாட்டுக் கொட்டகைக்கு எழுந்து போகாதே என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

11. இறங்கவும் பழகு. நான் ஆறாவது வருஷம் கேப்டன் பதவியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், பிடுங்கித்தான் எடுத்தார்கள். ஸ்காட் பெண்டில்பரி ஒன்பது பருவம் காலிங்வுட் கேப்டன். 2023 தொடங்கும் முன் தானே இறங்கி, டார்சி மூருக்கு வழிவிட்டார். இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. இளையவரின் கீழே சாதாரண ஆட்டக்காரனாக ஓடினார். அந்த வருஷமே பிரிஸ்பேனை நான்கு புள்ளியில் வென்று கோப்பை வந்தது. ஜெர்சி எண் வாடகை வீடு மாதிரி. காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைத்துவிட்டுப் போ.

12. கடைசியாக, ஆரம்பத்தில் போட்ட கணக்குக்கு வருகிறேன். 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கேப்டன் பாப் மர்ஃபி. பருவத்தின் மூன்றாவது ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. வயது 33. அந்த வருஷம்தான் அணி, 1954-க்குப் பிறகு முதல் முறையாக, கோப்பையை வென்றது. மர்ஃபி ஆடாமல் ஓரத்தில் இருந்தார். வெற்றி மேடையில் கோச் லூக் பெவரிட்ஜ் அவரை மேலே அழைத்து, கோச்சுக்கென்று தந்த பதக்கத்தைத் தன் கழுத்திலிருந்து கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பிற்பாடு மர்ஃபி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 312 ஆட்டம் ஆடி, கோப்பைப் பதக்கம் ஒன்றும் இல்லாமல் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். அந்த இறுதிப் போட்டியில் அவர் கையில் பந்து இருந்த நேரம் எவ்வளவு? ஒரு விநாடிகூட இல்லை.

அந்த மேடையை நினைத்துக்கொள். இரண்டு நிமிஷத்துக்கு உழைக்க உனக்கு நல்ல கோச்சுகள் கிடைப்பார்கள். மீதி நேரத்துக்குத்தான் இந்தக் கிழவன் எழுதியிருக்கிறேன்.

லீவுக்கு வரும்போது ரப்பர் பூட்ஸ் கொண்டுவா. உன் பெயர் பேப்பரில் வந்தாலும் வராவிட்டாலும் மாடுகளுக்குக் காலை ஐந்து மணி, ஐந்து மணிதான்.

உன் தாத்தா