சபையின் மௌனம்

அஸ்தினாபுரத்துச் சபைக்குள் திரௌபதியை இழுத்து வந்தவன் ஒருவன். இழுத்து வரச் சொன்னவர்கள் சிலர். பார்த்துக்கொண்டு பேசாதிருந்தவர்களோ பலர். பீஷ்மரும் துரோணரும் அந்தச் சபையில்தான் இருந்தனர். அப்போது விதுரர் எழுந்து, முன்பு காசியபர் பிரகலாதனுக்கு உரைத்த நீதி ஒன்றை நினைவூட்டுகிறார். கண்டிக்க வேண்டியதைச் சபை கண்டிக்காது விட்டால், அந்தப் பாவத்தில் பாதி சபைத் தலைவனைச் சேரும். கால் பங்கு செய்தவனைச் சேரும். எஞ்சிய கால் பங்கு வாய்மூடி அமர்ந்திருந்தவர்களைச் சேரும் என்பதே அந்த நீதி.

சபா பர்வத்தில் வரும் இந்தக் கணக்கு அரசவைக்கு மட்டும் உரியதன்று. வகுப்பறையும் ஒரு சபையே. அங்கே தலைவர் உண்டு, உறுப்பினர் உண்டு. சில நாட்களில் அவமானப்பட்டு நிற்கும் ஒருவரும் உண்டு.

'சும்மா விளையாட்டுக்கு'

பல மாநிலத்துக் குடும்பங்கள் வேலை தேடி வந்து கூடிய நகரம் பெங்களூரு. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள் அங்கே ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். புதிதாக வந்து சேர்ந்த குழந்தையின் உச்சரிப்பு, நிறம், உடற்பருமன், கொண்டு வரும் உணவு என எதுவும் கேலிப்பொருள் ஆகலாம். பட்டப்பெயரில் தொடங்குவது, பையை ஒளித்து வைத்தல், கூட்டத்திலிருந்து ஒதுக்குதல், அடித்தல், கைபேசிக் குழுக்களில் இழிவுபடுத்துதல் என்று வளர்கிறது. விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'சும்மா விளையாட்டுக்குத்தான்' என்பது.

இந்த விடையைச் சட்டம் ஏற்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் கர்நாடகக் கல்விச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. மாணவனின் மனித கண்ணியத்தைக் குறைக்கும் செயலுக்கோ, அவனை ஏளனத்துக்கு ஆளாக்கும் செயலுக்கோ அச்சுறுத்தி உட்படுத்துவதை அது ராகிங் என வரையறுக்கிறது. வேடிக்கையாகச் செய்திருந்தாலும் அது ராகிங்கே; தண்டனைக்கு உரியதே.

விளையாட்டு எனத் தொடங்குவது எங்கே போய் முடியக்கூடும் என்பதைத் தமிழகம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1996 நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராயிருந்த நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையை மாற்றி, ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2011-இல்.

தலைவரின் பாதிப் பங்கு

விஸ்வ ஜாக்ருதி மிஷன் என்னும் ஆன்மிக அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வழங்கியது. ராகிங்கைத் தடுக்கத் தவறுவது நிர்வாகத்தினர், முதல்வர் முதலியோரின் கடமைத் தவறாகக் கருதப்படும் என்றும், விடுதிக் காப்பாளருக்கும் இது பொருந்தும் என்றும் அது கூறியது. விதுரர் சொன்ன பாதிப் பங்கு இங்கே சட்டத்தின் மொழியில் ஒலிக்கிறது.

பள்ளிகளுக்கும் இத்தகைய பொறுப்பு உண்டு. துணை முதல்வர், மூத்த ஆசிரியர், மருத்துவர், மனநல ஆலோசகர், பெற்றோர் பிரதிநிதி, மாணவத் துணைவர் முதலியோரைக் கொண்ட தனிக் குழுவைப் பள்ளிதோறும் அமைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2015-இல் அறிவுறுத்தியது. ஆனால் குழு இருப்பதாலேயே குழந்தை வாய் திறந்துவிடாது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களில் ஓர் ஆய்வு நடத்துவித்தது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் குழந்தை மனநல மருத்துவரும் அதில் பங்குகொண்டார். மாணவரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகை ராகிங்கிற்கு ஆளானதாகக் கூறினர். முறையிட்டவர்களோ 9 சதவீதத்துக்கும் குறைவு. கல்லூரியில் காணும் இந்த மௌனம் பள்ளியிலேயே பழகிய மௌனம்.

பார்ப்பவரின் கால் பங்கு

கனடாவின் டொராண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கிய ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. துன்புறுத்தல் நிகழ்ந்தபோது 88 சதவீத வேளைகளில் மற்றக் குழந்தைகள் அருகில் இருந்தனர். 19 சதவீத வேளைகளில் மட்டுமே எவரேனும் குறுக்கிட்டனர். அவ்வாறு குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், அதாவது 57 சதவீதம், பத்து நொடிக்குள் பயன் தந்தன. துன்புறுத்துபவனுக்கு வேண்டியது பார்வையாளர் கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் விலகி மறுத்தாலே அவன் பலம் குன்றத் தொடங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வேதாந்தம் சாட்சியாக இருக்கச் சொல்கிறதே. அப்படியானால் பேசாது பார்த்திருப்பது தவறாகுமா? சாட்சி பாவம் என்பது தன் மனத்தில் எழும் இன்பதுன்பங்களையும் அச்சங்களையும் அவற்றோடு ஒட்டாமல் காண்பது. பிறர் துன்பத்தை அசையாமல் பார்த்திருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பிறருடைய இன்பதுன்பங்களைத் தன்னுடையவை போல் காண்பவனே மேலான யோகி என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் போதிக்கிறது. உண்மைச் சாதகன் தன் துன்பத்துக்குச் சாட்சி. பிறர் துன்பத்தில் துணை.

விகர்ணனுக்கு யார் துணை?

கௌரவர்களுள் ஒருவனான விகர்ணன் அந்தச் சபையில் எழுந்து நியாயம் பேசினான். 'நீ சிறுவன், உனக்கென்ன தெரியும்' என்னும் பொருள்படக் கர்ணன் அவனை அடக்கினான். அந்த வேளையில் மூத்தவர் ஒருவர் எழுந்து விகர்ணனுக்கு அருகில் நின்றிருந்தால் சபையின் போக்கு மாறியிருக்கலாம். பேசும் குழந்தையைத் தனியே விடாதிருப்பதே பள்ளிச் சமூகத்தின் முதற்கடமை.

அதற்குக் கோள் சொல்வதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவயதிலேயே கற்பிக்க வேண்டும். ஒருவரைச் சிக்கவைக்கச் சொல்வது கோள். ஒருவரைத் துன்பத்திலிருந்து மீட்கச் சொல்வது தர்மம். சொல்ல வந்த குழந்தையின் பெயரை ஆசிரியர் வகுப்பில் வெளியிடலாகாது. கழிப்பறை வாயில், பள்ளிப் பேருந்தின் பின் இருக்கைகள் போன்ற இடங்களில் பெரியவரின் கண் இருத்தல் வேண்டும். ஆசிரியரே பட்டப்பெயர் சூட்டினால், அது மாணவருக்கு அளித்த அனுமதியாகிவிடும்.

பெற்றோருக்கும் பங்குண்டு. பள்ளி என்றதும் வரும் தலைவலி, உண்ணாமல் திரும்பும் உணவு, அடிக்கடி தொலையும் பொருட்கள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். 'நீயும் திருப்பி அடி' என்பதும், 'இதெல்லாம் சகஜம்' என்பதும் குழந்தையை மேலும் தனிமைப்படுத்தும். ஆபத்தில் உள்ள குழந்தைக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் உள்ளன.

துன்புறுத்தியவனும் குழந்தையே. செய்ததன் விளைவை அவன் ஏற்க வேண்டும்; இழைத்த தீங்கை இயன்றவரை சரிசெய்ய வேண்டும். அவனையும் வகுப்பின் முன் நிறுத்தி அவமதித்தால், அவமதிப்பதே வலிமை என்ற பாடத்தைப் பள்ளியே நடத்தியதாகும். இருவரையும் கைகுலுக்கச் செய்து அன்றே கோப்பை மூடுவதும் தீர்வாகாது. துன்புற்ற குழந்தை அச்சமின்றி வகுப்புக்கு வரும் நாள் வரை பொறுப்பு முடிவதில்லை.

கூடிச் சிந்திக்க

1. காசியபரின் கணக்கில் செய்தவனைவிடத் தலைவனுக்குப் பங்கு மிகுதியாயிருப்பது ஏன்?
2. சாட்சி பாவத்துக்கும் வேடிக்கை பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குழந்தைக்கு எவ்வாறு விளக்கலாம்?
3. நம் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு விகர்ணன் எழுந்து பேசினால், அவன் அருகில் முதலில் நிற்பவர் யார்?