செய்தியைப் படித்து மாத்திரையை நிறுத்தும் முன்

1. ‘ஆபத்து இரு மடங்கு’ என்று படித்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று தேடுங்கள். 1995 அக்டோபரில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரட்டிப்பாகிறது என்று பிரிட்டனில் அரசுக் குழு எச்சரித்தது. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது. கூடியது அந்த ஒருவர்தான். ஆனால் பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் கருக்கலைப்புகள் ஏறக்குறைய 13,000 கூடின. இத்தனைக்கும், கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2. ‘சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவு’ என்பது ஒட்டுறவு மட்டுமே, அதாவது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். காரணம் வேறாக இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று வெகுகாலம் நம்பினார்கள். 2002-ல் அமெரிக்கப் பெரும் பரிசோதனை ஒன்று அதைப் பொய்யாக்கியது. முந்தைய கணக்குகளில் மாத்திரை எடுத்தவர்கள் முன்பே வசதியும் உடல்நலக் கவனமும் மிகுந்தவர்களாக இருந்திருக்கிறார்கள்.

3. ஆய்வில் பங்கேற்றவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா என்று பாருங்கள். 1950-களில் சென்னையில் காசநோயாளிகளில் யாருக்கு வீட்டில் மருந்து, யாருக்கு சானடோரியத்தில் என்பதை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கலே தீர்மானித்தது. அதனால் நோய் முற்றியவர்கள் ஒரே பக்கம் சேர வழியில்லை. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகக் குணமானார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நம் ஊரில் நடந்த இந்த ஆய்வைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்.

4. கருத்துக்கணிப்புச் செய்தியில் ‘லட்சக்கணக்கானோரிடம் கேட்டோம்’ என்பதில் மயங்காதீர்கள். 1936-ல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்து அமெரிக்க அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். டெலிபோன், கார் வைத்திருந்தோர் பட்டியலிலிருந்தே பெரும்பாலும் முகவரி எடுத்ததும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டதும் மாதிரியைக் கெடுத்துவிட்டன.

5. சம்பளச் செய்தியில் சராசரியோடு இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளம்) கேளுங்கள். ஒன்பது பேருக்கு 20,000 ரூபாய், ஒருவருக்கு 5 லட்சம் என்றால் சராசரி 68,000, இடைநிலை 20,000.

6. மருந்துச் செய்தியில் ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்றால் பலன் பெரிது என்று பொருளல்ல; தற்செயலாக மட்டும் இப்படி வருவது அரிது என்றே பொருள். போதுமான ஆட்கள் இருந்தால் ரத்த அழுத்தம் ஒரு புள்ளி குறைவதும் அந்தப் பெயரைப் பெற்றுவிடும். எவ்வளவு குறைந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள்.