பெயர் போதுமா?

விஞ்ஞானி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது சோதனைக்குழாயும் புன்சன் விளக்கும்தான். ஆனால் இன்று பல ஆராய்ச்சிகள் கம்ப்யூட்டரிலேயே நடைபெறுகின்றன. அளவீடுகளைத் திரட்ட, சராசரி காண, வரைபடம் வரைய என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு நிரல் உண்டு. பூத்தொடுப்பதுபோல் அவற்றை வரிசையாக இணைத்துத் தரும் மென்பொருள்களுள் கெப்ளர் என்பதை இங்கே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2002-ல் தொடங்கிய இம்முயற்சியின் முதல் முழுப்பதிப்பு 2008-ல் வெளிவந்தது. இது டாலமி என்ற முந்தைய மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. வானியலில் டாலமியின் கொள்கையைத் திருத்தியவர்களுள் ஒருவர் கெப்ளர் அன்றோ? நல்ல பெயர்ப் பொருத்தம்!

கெப்ளரில் ஒவ்வொரு சிறு நிரலும் ஒரு 'நடிகர்'. அவர்களை இயங்கச் செய்வது 'இயக்குநர்'. நடிகர்களோ நூற்றுக்கணக்கானோர். பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? எங்கள் வகுப்பில் மேரி என்றழைத்தால் மூவர் எழுந்து நிற்போம். வரிசை எண்ணும் ஆண்டுதோறும் மாறுகிறது. ஆனால் பள்ளியில் சேர்ந்த அன்று தரப்பட்ட சேர்க்கை எண், நாம் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற பின்னும் வேறு எவருக்கும் தரப்படுவதில்லை. அத்தகைய எண்தான் இங்கே வேண்டும்.

கெப்ளரில் இதற்கு எல்.எஸ்.ஐ.டி. என்னும் அடையாள முறையைக் கையாண்டார்கள். உயிரியல் தகவல்களுக்காக ஏற்பட்ட முறை இது. முதலில் அடையாளத்தை வழங்கும் அமைப்பின் இணையப் பெயர், அடுத்துப் பொருளின் வகை, பின்னர் அதன் எண், கடைசியில் திருத்த எண்.

அந்தக் கடைசி எண்ணைத்தான் நாம் முக்கியமாகக் கருதுகிறோம். நான்கு நாள் வெப்பநிலையில் 30, 32, 34 என மூன்று நாள் அளவுகள் உள்ளன. ஒரு நாள் கருவி பழுது எனக் கொள்வோம். விடுபட்ட நாளைப் பூஜ்யமாக எண்ணும் நிரல் 24 டிகிரி சராசரி என்னும். அக்குறையை நீக்கிய நிரல் 32 என்னும். இரண்டுக்கும் 'சராசரி' என்ற ஒரே பெயர் இருந்தால், பத்தாண்டு கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்பவர் எந்த விடையை நம்புவார்? முன்னவர் பொய் சொன்னார் என்றல்லவா எண்ணுவார்! எனவே ஓர் அடையாளத்துக்கு உரிய தரவு ஒருபோதும் மாறலாகாது என்பது விதி. திருத்தினால் திருத்த எண்ணும் கூடவேண்டும். தவறான பழைய நிரலையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. அடையாளம் வழங்கிய அமைப்பே மறைந்துவிட்டால், எண் கையில் இருக்கும். கேட்டால் பொருளை எடுத்துத்தர ஆள் இராது. அதனால் எண்ணை மட்டும் குறித்து வைப்பது போதாது. நிரல்தொடரையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டிச் சேமிக்கும் வசதியையும் கெப்ளரில் வைத்தார்கள்.