கூரையில் பெட்டி வைக்க முதல்

எங்கள் கராச்சுக்குச் செய்முறைப் பயிற்சிக்கு வரும் என்.வி.கியூ மாணவர்கள் கொஞ்சக் காலமாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணை, அப்பாவின்ர டொல்பின் வேனுக்கு மேல ஏசி பூட்டலாமோ?" வெள்ளைக்காரர் தங்கள் கேம்பர் வண்டியின் கூரையில் ஏசிப் பெட்டியை இறக்கிப் பூட்டுகிற வீடியோவை ஃபோனில் பார்த்திருப்பார்கள். தகப்பனுக்குச் சுற்றுலா ஹயர் கணக்கு. கனடாவில் இருக்கும் சித்தப்பாவோ, பெட்டியை நானே அனுப்புகிறேன் என்று வாக்கும் கொடுத்திருப்பார். வேனைத் திறந்து பார்க்காமலே முடிவு எடுத்தாயிற்று.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. பழைய ஹயஸும் கரவனும் இன்னும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவற்றில் பல, ஜப்பானில் இருந்து வரும்போதே முன்னுக்கும் பின்னுக்கும் ஏசியோடு வந்தவை. அது இருந்தால் அதைத் திருத்துங்கள், வேறு யோசனை வேண்டாம். 90களின் நடுப்பகுதிக்கு முந்திய வண்டியென்றால் ஆர் 12 காஸில் ஓடியிருக்கும். ஆர் 134ஏக்கு மாற்றும்போது காஸ் மட்டும் மாறினால் போதாது. பழைய மினரல் எண்ணெய் புதுக் காஸோடு கலக்காது. எண்ணெய், ரப்பர் வளையங்கள், டிரையர் மூன்றும் மாற வேண்டும், பழைய ஹோஸ் காஸைக் கசியவிட்டால் அதுவும். ஏசியே இல்லாத வண்டிக்கு எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கொம்பிரசரும் சீலிங்கில் ஒரு கூலரும் பூட்டலாம். செலவு உண்டு, ஆனால் தெரிந்த பாதை.

இனிக் கூரைப் பெட்டிக்கு வருகிறேன். இந்த மயக்கத்துக்குப் பாதிக் காரணம் கொழும்புக்கு இரவில் ஓடும் சொகுசு பஸ்கள். அவற்றின் கூரையிலும் பெட்டி தெரிகிறதே என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது கொண்டென்சரும் கூலரும் விசிறிகளுந்தான். கொம்பிரசர் கீழே எஞ்சினோடு ஓடுகிறது. கேம்பர் பெட்டியில் கொம்பிரசரும் உள்ளேயே இருக்கிறது. அதற்கு எஞ்சின் தேவையில்லை, வீட்டு மின்சாரம் தேவை. வெளிநாட்டில் கேம்பரைக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தில் வயர் கொழுவ வசதி இருக்கிறது. காரைநகர் கசூரினாவில் சவுக்கு நிழலில் வேனை நிறுத்தி எதில் கொழுவப் போகிறீர்கள்?

பற்றரி என்பார்கள். கணக்குப் போடுவோம். 13,500 பி.டி.யு. பெட்டி ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 1,400 வாற் இழுக்கும், தொடங்கும் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு. 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி இரண்டில் இருப்பது 2,400 வாற்-மணி. பற்றரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. இன்வேர்ட்டர் தின்பது போக முக்கால் மணித்தியாலம் குளிர் வரும். ஓடும்போது ஏற்றலாம் என்றால், பெட்டி கேட்பது 120 ஆம்பியருக்கு மேல். பழைய வேனின் ஓல்டனேட்டர் அதைத் தராது. ஜெனரேட்டரைப் பின்னால் கட்டலாந்தான். இரவு முழுக்க அதன் சத்தம், புகை உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து, பெற்றோல் செலவு வேறு. 2022இல் கியூஆர் அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

சித்தப்பா அனுப்பும் பெட்டியில் இன்னொரு சிக்கல். கனடாவில் 120 வோல்ற், 60 சைக்கிள். இங்கே 230 வோல்ற், 50 சைக்கிள். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை இறக்கும், சைக்கிளை மாற்றாது. 60 சைக்கிளுக்குச் செய்த மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சூடேறி ஓடும்.

பிறகு ஓட்டை. வெள்ளைக்காரரின் பழைய கேம்பரின் கூரையில் காற்றுப் போக 14 அங்குலச் சதுரத் துவாரம் ஏற்கெனவே இருக்கும், பெட்டி அதில் அப்படியே உட்காரும். டொல்பினில் நீங்கள் தகரத்தை வெட்ட வேண்டும், அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து. அதன்மேல் 40 கிலோவை வைத்து ஊர் ஒழுங்கைகளில் ஓடினால் கூரை பதியும், சீலர் வெடிக்கும், ஐப்பசி மழை உள்ளே இறங்கும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் வெட்டிய தகர விளிம்பு எத்தனை நாள் துருப்பிடிக்காமல் இருக்கும்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்காமல் கூரையை வெட்டவும் கூடாது.

லொறிச் சாரதிகள் படுத்துறங்கப் பூட்டும் 24 வோல்ற் டி.சி. பெட்டி ஒன்றுண்டு. லித்தியம் பற்றரியும் சோலாரும் வாங்க வசதியிருந்து, உண்மையாகவே வண்டியில் படுக்கிறவர் அதை யோசிக்கலாம். வேனின் 12 வோல்ற்றுக்கும் அதே மாதிரி வருகிறது. நான் பெல்ட்டில் தொழில் பழகினவன், என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும்.

எதைப் பூட்டினாலும் முதலில் சீலிங்கைக் கழற்றி, தகரத்துக்கு அடியில் அலுமினியத்தாள் ஒட்டிய ஃபோமைப் போடுங்கள். கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள். சூடு உள்ளே வராவிட்டால் சின்ன ஏசியே போதும்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் காஸ் அடிக்கத் தெரிந்தவர் நிறைய. கசிவு எங்கே என்று நைதரசன் ஏற்றி, சவர்க்கார நுரை தடவி, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறவர் குறைவு. வக்கியூம் பம்ப் போட்டால் அரை மணித்தியாலமாவது ஓடவிட்டு, நிற்பாட்டிய பிறகும் மானியின் ஊசி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபோனை எடுக்கிற பிள்ளைக்கு இந்த வேலை சரிவராது, அது குற்றமும் இல்லை. வயரிங்கில் கெட்டிக்காரனாக இருப்பான், அங்கே போகட்டும். தகப்பனிடம் வேன் இருக்கிறது என்பதற்காக மகன் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. கை எதில் நிதானமாக நிற்கிறது என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வேனைக் கொண்டுவருகிறவர்கள் தை, மாசியில் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலோடு எல்லாக் கராச்சும் நிரம்பிவிடும். நல்லூர்த் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் வாரம் வந்து நின்றால், நான் உட்பட எவரும் உங்களுக்குக் காஸ் மட்டுந்தான் அடித்துத் தருவோம்.